லைசென்ஸ் இருந்தும் துப்பாக்கியை ஏன் வாங்கி வைத்தார்கள்?

கேள்வி: கொள்ளிடக் கரையில் வாழையும் கரும்பும் போட்டிருக்கிறேன். அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி, இப்போது என் பெயரில் லைசென்ஸ். ரிப்பேருக்காகச் சாக்கில் சுற்றி பைக்கில் திருச்சிக்கு எடுத்துப் போனபோது வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். லைசென்ஸைக் காட்டியும், 'நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க' என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். துண்டுச்சீட்டுகூடத் தரவில்லை. நடையாய் நடந்துதான் திரும்ப வாங்கினேன். இது முறைதானா? (வாசகர், திருவையாறு)

பதில்: முறையே இல்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டம், 19-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆயுதத்தோடு போகிற யாரையும் நிறுத்தி லைசென்ஸைக் காட்டச் சொல்ல போலீஸ் அதிகாரிக்கு உரிமை உண்டு. நீங்கள் காட்ட மறுத்தாலோ, காட்ட முடியாமல் போனாலோதான் பெயர், முகவரி கேட்டு, தேவைப்பட்டால் துப்பாக்கியைக் கைப்பற்றலாம். காட்டிவிட்டீர்கள் என்றால் குழலில் வெட்டியிருக்கும் நம்பரும் லைசென்ஸில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா, காலாவதி ஆகிவிட்டதா, தோட்டா அனுமதித்த கணக்குக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான். சில நிமிஷ வேலை. லைசென்ஸ் இருந்தாலும் கைப்பற்றலாம் என்று 20-வது பிரிவு சொல்வது உண்மை, ஆனால் சட்டவிரோதக் காரியத்துக்குத்தான் கொண்டுபோகிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்க வேண்டும். ரிப்பேருக்குப் போகிற விவசாயி மேல் அப்படி என்ன சந்தேகம்?

எனக்குக் கோபம் வருவது அந்தத் துண்டுச்சீட்டு விஷயத்தில்தான். அன்றைக்கு ராத்திரி ஸ்டேஷனில் அந்தத் துப்பாக்கி காணாமல் போயிருந்தால், யாரோ அதை எடுத்து ஒருத்தரைச் சுட்டிருந்தால், லைசென்ஸில் இருப்பது உங்கள் பெயர், அதை நீங்கள் ஒப்படைத்தீர்கள் என்பதற்கு ஒரு காகிதம் கிடையாது! 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி, அதை வீடியோ எடுக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இனிமேல் இப்படி நடந்தால் தகராறு பண்ண வேண்டாம். 'கொடுக்கிறேன் ஐயா, நம்பர் போட்டு எழுதிக் கொடுங்கள்' என்று நின்ற இடத்திலேயே கேளுங்கள், மறுத்தால் தேதி, இடம், நேரத்தோடு அன்றைக்கே எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, சாக்கு கூடாது. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்தில் துப்பாக்கியை அதற்கென்றே செய்த உறையில், முழுசாக மூடித்தான் கொண்டுபோக வேண்டும். சாக்கில் குழல் நீட்டிக்கொண்டிருந்தால் எந்த எஸ்.ஐ.யும் மிரளத்தான் செய்வார். அப்புறம், லைசென்ஸ் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கும், திருச்சி அதற்குள் வருகிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ஒரிஜினலைத்தான் எடுத்துப் போக வேண்டும், ஜெராக்ஸ் போதாது. இன்னொன்று, கரும்புக்குள் பன்றி புகுந்தால் சுட்டுவிடலாம் என்று லைசென்ஸ் வைத்திருக்கும் பலர் நினைக்கிறார்கள். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது, அதற்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

கேள்வி: நான் ரோந்துப் பணியில் இருக்கும் இளம் காவலர். வண்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் என்ன செய்ய வேண்டும்? (பெயர் வேண்டாம், நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: தம்பி, தானே சொல்கிறவர் உங்களோடு ஒத்துழைக்கிறவர், அதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். 'எடுத்துக் காட்டு' என்று மட்டும் சொல்லாதீர்கள். துப்பாக்கியைத் தொடாமல் ஆளை வண்டியை விட்டுத் தள்ளி வரச் சொல்லுங்கள், தோட்டா உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள், லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். நம்பரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் குழலை ஆள் இல்லாத பக்கம் தரையைப் பார்க்கத் திருப்பி, விசைப்பக்கம் விரல் போகாமல் எடுங்கள். இரட்டைக்குழலில் மேலே இருக்கும் நெம்புகோலை ஒதுக்கினால் குழல் மடிந்து இரண்டு துளையும் தெரியும், காலியா இல்லையா என்பது அங்கேயே முடிந்துவிடும். பழகாத துப்பாக்கி என்றால் தெரிந்த ஏட்டைக் கூப்பிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

வாய்வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி வேறு மாதிரி. அதை மடித்துப் பார்க்க முடியாது, கெட்டித்திருக்கிறதா என்று முதலில் வைத்திருப்பவரைக் கேளுங்கள். நம் பக்கம் லைசென்ஸோடு அதை வைத்திருப்பவர்களில் நரிக்குறவர்கள் உண்டு. பெரிய மிராசுதார் கார் என்றால் 'வாங்க சார்', நரிக்குறவர் சைக்கிள் என்றால் 'டேய், இறங்குடா'. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் கையிலும் இருப்பது அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ்தான், பேச்சும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: மகன் டெக்சாஸில் இருக்கிறான், கிரீன் கார்டு கிடைத்ததும் பிஸ்டல் வாங்கிவிட்டான். போலீஸ் காரை நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று தூக்கமே இல்லை. (ஒரு தாய், மயிலாடுதுறை)

பதில்: அம்மா, கிரீன் கார்டு இருப்பதால் வைத்திருப்பது குற்றமில்லை. எச்-1பி விசாவில் இருந்தால் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர ஃபெடரல் சட்டமே தடுக்கிறது, அவனுடைய நண்பர்களுக்கும் இது தெரியட்டும். டெக்சாஸில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தவர், போலீஸ் அடையாள அட்டை கேட்டால் அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்குத் தேவை என்று நினைத்தால் அதிகாரி துப்பாக்கியை வாங்கி வைக்கலாம், ஆபத்தோ குற்றமோ இல்லை என்றால் ஆளை அனுப்பும் முன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மிச்சிகனில் துப்பாக்கி இருப்பதைக் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும்.

உங்கள் பயத்தை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பின இளைஞர், அனுமதி பெற்ற துப்பாக்கி தன்னிடம் இருப்பதை மரியாதையாகச் சொன்ன சில விநாடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரியை மறுவருடம் ஜூரி விடுவித்தது. சட்டப்படி நடந்துகொண்டவருக்கே அந்த கதி என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மகனிடம் சொல்லுங்கள்: இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருக்கட்டும், ராத்திரி என்றால் உள் விளக்கைப் போடட்டும், லைசென்ஸ் எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லி, 'எடுக்கட்டுமா' என்று கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகே கையை அசைக்கட்டும். காகிதங்களைத் துப்பாக்கி இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

கேள்வி: தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் கட்டாயம் ஒப்படைக்க வேண்டுமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்ட அளவிலான குழு பரிசீலிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் ஆகியோரைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். வங்கிக் காவலர்களுக்கும் போட்டிக்குப் போகும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் விலக்கு உண்டு. நோட்டீஸ் வந்தால் கொடுத்துவிடுங்கள், துப்பாக்கி நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.