கம்பஸ் திறக்கிறது, யன்னல்களும் திறக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பல்கலைக்கழக வளாகங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, பின்னர் அணி அணியாக மாணவரை அழைத்தன. அப்போது விரிவுரையாளர்கள், மாணவர்கள், பெற்றோர், வெள்ளவத்தையில் போர்டிங் நடத்துவோர் எனப் பலர் எழுதியிருந்தார்கள். அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் விரிவுரை அறை 10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். 40 மாணவர்கள். இரண்டு ஸ்பிளிட் ஏ.சி. ஓடுகிறது. இடைவெளி விட்டு இருத்துகிறோம், எல்லோரும் முகக்கவசம் போடுகிறார்கள். இது போதுமா?
– விரிவுரையாளர், கொழும்பு

போதாது. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளியே பொருத்திய பெட்டி வெப்பத்தை மட்டும்தான் வெளியேற்றும். தொற்றுள்ள ஒருவர் மூச்சிலும் பேச்சிலும் விடும் மிக நுண்ணிய துளிகள் நீண்ட நேரம் மிதந்துகொண்டிருக்கும். பூட்டிய அறையில் அவை 2 மீற்றரோடு நின்றுவிடாது. முன்வரிசையில் ஒருவர் புகைத்தால் கடைசி வாங்கில் மணப்பது எப்படியோ, அப்படியே இதுவும்.

கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு விநாடிக்கு 10 லீற்றர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. 40 பேருக்கு 400 லீற்றர், அதாவது மணிக்கு 1440 கன மீற்றர். உங்கள் அறையின் கொள்ளளவு 240 கன மீற்றர். எனவே அறைக்காற்று மணிக்கு 6 தடவை மாற வேண்டும். அந்த வேகத்தில் மாறினால் மிதக்கும் துளிகளில் 99 வீதம் வெளியேற 46 நிமிடம் எடுக்கும். மணிக்கு 2 தடவைதான் மாறுகிறது என்றால் அதே வேலைக்கு 138 நிமிடம். அடுத்த அணி வந்து முந்திய அணியின் மூச்சைத்தான் சுவாசிக்கும்.

எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வேண்டும். ஒரு பக்கம்தான் யன்னல் என்றால் மறுபக்கக் கதவைத் திறந்து ஆப்பு வைத்து நிறுத்துங்கள். காற்று ஓட்டம் மந்தமான அறைக்கு எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டலாம். வாங்கும்போது பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீற்றர் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பூட்டிய பிறகு அதில் பாதிதான் கிடைக்கும் என்று எண்ணி இரண்டாக வாங்குவது நல்லது. இங்கே நடக்கும் பிழை ஒன்று உண்டு: ஃபேனைத் திறந்த யன்னலுக்குப் பக்கத்திலேயே பூட்டிவிடுகிறார்கள். அது பக்கத்து யன்னல் வழியாக வரும் காற்றையே இழுத்து வெளியே தள்ளும், அறையின் மறுகோடியில் ஒன்றும் அசையாது. உள்வழி ஒரு சுவரிலும் வெளிவழி எதிர்ச்சுவரிலும் இருக்க வேண்டும். எக்ஸோஸ்ட் ஃபேனுக்குக் காசில்லை என்றால் காலூன்றி நிற்கும் சாதாரண மின்விசிறியை யன்னலிலிருந்து அரை மீற்றர் உள்ளே, முகம் வெளியே பார்க்க வையுங்கள்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கொளுத்திக் கதவு நிலையருகே பிடியுங்கள். புகை உள்ளே சாய்ந்து, அறையைக் கடந்து எதிர் யன்னலால் போனால் நல்லது. நேரே மேலெழுந்து கூரையடியில் தேங்கி நின்றால் காற்று ஓடவில்லை. கையில் பணம் இருந்தால் துறைக்கு ஒரு காபனீரொட்சைட்டு மானி வாங்குங்கள், ஆட்கள் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அது காட்டும். என்.டி.ஐ.ஆர். வகை (அகச்சிவப்புக் கதிரால் அந்த வாயுவையே அளக்கும்) உணரி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவானவற்றில் சில வேறு வாயுக்களை அளந்து ஊகித்துச் சொல்பவை. முதலில் வெளியே 15 நிமிடம் வையுங்கள், 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவுக்குக் கிட்ட நிற்க வேண்டும். பிறகு அறையில், ஆட்களின் மூச்சு நேரே படாமல், யன்னலுக்கும் ஃபேனுக்கும் தள்ளி, இருப்பவர் முக உயரத்தில் வையுங்கள். 800க்குள் நின்றால் நிம்மதி. 1000ஐத் தாண்டினால் இன்னும் திறக்க வேண்டும். 1500 என்றால் விரிவுரையை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். 40 பேர் இருக்கும் அறையைப் பூட்டி ஏ.சி. போட்டால் ஒரு மணி நேரத்தில் 2000ஐத் தாண்டிவிடும்.

ஏ.சி.யை நிறுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. இரு பக்கமும் யன்னலைத் திறந்துகொண்டு ஓடவிடலாம். மின்கட்டணம் ஏறும், குளிரும் குறையும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய துகள்களையும் பிடிப்பது) உள்ள காற்றுச் சுத்திகரிப்பான்கள் பயன் தருபவை. ஆனால் மணிக்கு 300 கன மீற்றர் தரும் வீட்டுக் கருவி உங்கள் அறைக்கு 5 தேவை. யன்னலே இல்லாத ஆய்வுகூடத்துக்கு அந்தச் செலவை ஒதுக்குங்கள். கடைசியாக, விரிவுரையாளருக்குச் சிறிய ஒலிவாங்கி ஒன்று கொடுங்கள். சத்தமாகப் பேசப் பேச வாயிலிருந்து வரும் துளிகளும் கூடும்.

வாசலில் காய்ச்சல் பார்க்கிறார்கள், கால் நனைக்க மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மேலேயும் மருந்து அடிக்கிறார்கள். பிறகு ஏன் பயப்பட வேண்டும்?
– இரண்டாம் வருட மாணவி, மொறட்டுவை

மேலே மருந்து அடிப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்கள் மீது குளோரின் தெளிப்பது கண்ணையும் தோலையும் சுவாசக் குழாயையும் புண்ணாக்கும், உள்ளே இருக்கும் வைரசை ஒன்றும் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே இதைக் கூடாது என்று சொல்லிவிட்டது. செருப்பை நனைப்பதாலும் பயனில்லை.

நெற்றியில் பார்க்கும் வெப்பமானி ஓரளவுக்குத்தான் உதவும். அறிகுறி தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குத் தொற்றவைக்கலாம், அப்போது காய்ச்சலே இராது. காலையில் இரண்டு பனடோல் போட்டவருக்கும் காட்டாது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்று வந்தவருக்கோ இல்லாத காய்ச்சலைக் காட்டும். வாசலில் நிற்கும் இரண்டு ஊழியரையும் உள்ளே அனுப்பி, ஒவ்வொரு விரிவுரைக்கும் முன் யன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் பல மடங்கு பயன்.

லேசான தொண்டை நோதான். வராவிட்டால் 80 வீத வரவு குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வரலாமா?
– மாணவர், களனி

வராதீர்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பீடாதிபதிகள். சுகவீனத்தை மறைத்தால்தான் பரீட்சை என்று ஒரு விதி இருக்கும்வரை பிள்ளைகள் மறைப்பார்கள். பனடோல் போட்டுக்கொண்டு வந்து நடுவாங்கில் இருப்பார்கள். வேறு எந்த ஏற்பாடும் இந்த ஓட்டையை அடைக்காது.

பீடங்கள் செய்யக்கூடியவை எளியவை. காய்ச்சல், இருமல், தொண்டை நோ, மணம் தெரியாமை இருந்தால் அன்று காலை துறைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்று அறிவியுங்கள். அந்த நாட்களை வரவுக் கணக்கின் மொத்தத்திலிருந்தே கழித்துவிடுங்கள். முதல் 5 நாளுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். சான்றிதழுக்காகவே நோயாளி பஸ் ஏறி, நெரிசலான கிளினிக்கில் வரிசையில் நிற்கிறார். விரிவுரையின் ஒலிப்பதிவையாவது அன்று மாலைக்குள் போடுங்கள். தவறிய செய்முறை வகுப்புக்குத் தவணை முடிவில் ஒரு மீள்நாள் வையுங்கள். இவற்றை எழுத்தில், திகதியிட்டு, அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வாயால் சொன்ன சலுகையைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

மகள் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வரப்போகிறாள். என்ன கொடுத்து அனுப்புவது?
– தாய், கொக்குவில்

எந்த சனிடைசரையும் விட நல்ல முகக்கவசம்தான் முதலில், அம்மா. என்95 அல்லது கே.என்.95 வகையில் 5. ஏ.சி. பஸ்ஸில் யன்னல் திறக்காது, 8 மணி நேரத்துக்கு மேல் ஒரே காற்று. யன்னல் திறந்த ரயிலில் இடம் கிடைத்தால் அது மேல். முகக்கவசத்தைப் போட்டு இரு கையாலும் ஓரத்தைப் பொத்தி ஊதச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழோ கன்னத்திலோ காற்று கசிந்தால் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். சாப்பாட்டை பஸ் நிறுத்தும் இடத்தில், வெளியே நின்று சாப்பிடட்டும்.

ஐந்தையும் ஐந்து கடதாசிப் பைகளில் போட்டு, நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடலாம். கழுவக்கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது. கொழும்புப் புழுக்கத்தில் வியர்வையால் நனைந்துவிட்டால் மூச்சு இழுக்கக் கடினமாகும். பையில் மேலதிகமாக ஒன்று இருக்கட்டும். வந்த முதல் 5 நாளும் கன்ரீனில் மற்றவரோடு முகம் பார்த்து இருந்து சாப்பிடாமல், பார்சலை வாங்கி மரத்தடிக்குப் போகச் சொல்லுங்கள். எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கதைக்கும் இடம் கன்ரீன்தான்.

என் அனெக்ஸில் ஆறு பிள்ளைகள், மூன்று அறை, ஒரு குளியலறை. ஒருவருக்குக் கொரோனா என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடவா?
– போர்டிங் நடத்தும் அன்ரி, வெள்ளவத்தை

அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை ஒரு பஸ் நிறைய ஆட்களோடு பயணம் செய்து, ஊரில் வயதான அம்மம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கூட இருந்தவர்களையும் போகச் சொல்லாதீர்கள்.

நோயாளிக்கு வெளி யன்னல் உள்ள அறையைக் கொடுத்து, மற்ற ஐவரையும் இரண்டு அறைகளில் வையுங்கள். நோயாளியின் அறைக்குள் ஒரு மின்விசிறி யன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ள வேண்டும். கதவு பூட்டியிருக்க வேண்டும். மின்விசிறியை யன்னலிலிருந்து உள்நோக்கி வைத்தால் அறைக்காற்று கதவிடுக்கால் முழு வீட்டுக்கும் போகும். இந்த ஒரு பிழையால் நல்ல ஏற்பாடு முழுவதும் வீணாகிவிடும். குளியலறைக்கு நோயாளி கடைசியாகப் போகட்டும். யன்னலைத் திறந்துவிட்டு, பிறர் போக அரை மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டைக் கதவடியில் ஸ்டூலில் வைத்துவிட்டு விலகுங்கள். கோப்பைக்குச் சவர்க்காரம் போதும், தனி மருந்து வேண்டாம். அன்றைய வழிகாட்டலின்படி, அறிகுறி தொடங்கிய நாளைப் பூச்சியம் என்று எண்ணி 10 நாள் தனிமை. கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இருக்கக்கூடாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரியப்படுத்துங்கள்.

இரவில் கட்டில்கள் ஒட்டியிருந்தால் ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் படுக்கச் செய்யுங்கள். செலவில்லாத காரியம்.

அன்ரிஜன் சோதனையில் மங்கலான கோடு தெரிந்தால்?

சொன்ன நேரத்துக்குள் தெரிந்தால், எவ்வளவு மங்கலானாலும் தொற்று உண்டு என்றே கொள்ளுங்கள். ஆனால் 15 நிமிடம் என்று தாளில் எழுதியிருக்க, ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைக்கூடையில் பார்த்த கோட்டை நம்பக்கூடாது. அறிகுறி இருந்தும் கோடு இல்லை என்றால் 48 மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள், அதுவரை அறையிலேயே இருங்கள். குணமானதை உறுதிசெய்யப் பி.சி.ஆர். வேண்டாம், அது சிலருக்கு வாரக்கணக்கில் தொற்று என்றே காட்டும்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த விடுதியைத் திறக்கிறோம். எங்கே தொடங்குவது?
– விடுதிப் பணியாளர்

தண்ணீர்த் தாங்கியில் தொடங்குங்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பக்டீரியா வளரும். 25 முதல் 45 பாகை அதற்குப் பிடித்த சூடு, கொழும்பில் கூரைத் தாங்கி எப்போதும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். தாங்கியை வெறுமையாக்கி, சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். 1000 லீற்றருக்கு, 30 வீதக் குளோரின் உள்ள ரீ.சி.எல். தூள் (வெளிற்றும் தூள்) சுமார் 170 கிராம். தூளை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி, மண்டி அடங்க விட்டுத் தெளிந்ததை ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, ஓர் இரவு விடுங்கள். குடிக்கவோ குளிக்கவோ கூடாது என்று தாள் ஒட்டுங்கள். காலையில் எல்லாவற்றையும் வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, குழாய்களை 5 நிமிடமாவது ஓடவிடுங்கள். ஷவர் தலையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடவிட வேண்டும், நீர்த்தூவலைச் சுவாசிக்கக்கூடாது.

கழிவறைத் தரைக்கு அதே தூள் லீற்றருக்கு 3 கிராமுக்குச் சற்று மேலாக, 10 லீற்றர் வாளிக்கு 33 கிராம். முதலில் சவர்க்காரத்தால் அழுக்கைக் கழுவி, பிறகு இதைப் பூசி 10 நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு செலவாகிவிடும். அன்றன்று கலக்குங்கள். கழிவறைக்கு ஊற்றும் அமிலத் திரவத்தோடு இதைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

பிறகு நுளம்பு. டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மழை விழுந்ததும் பொரிக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும். பாவிக்காத கொமட், பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏ.சி. நீர் வடியும் இடம், கொங்கிறீட் தட்டு எல்லாம் பாருங்கள். முட்டையிலிருந்து நுளம்பாக 7 முதல் 10 நாள் எடுக்கும் என்பதால் கிழமைக்கு ஒரு நாள் தவறாமல் செய்தால் போதும்.

விடுதியில் ஒருவருக்குக் காய்ச்சல். கொரோனாவா, டெங்கா?
– மாணவர் பிரதிநிதி

இரண்டும் என்று வைத்துத் தொடங்குங்கள். தனி அறை, முகக்கவசம், அன்ரிஜன் சோதனை முதல் நாளே. கொரோனா என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று ஆகாது. காய்ச்சலின் மூன்றாம் நாளில் முழு இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். பனடோல் மட்டும் கொடுக்கலாம்: 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 2 குளிசை, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. அதற்குக் குறைந்த எடை என்றால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். இபுபுறூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் தொடவே வேண்டாம், டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டும். நாளுக்கு 2500 மில்லிலீற்றர் அளவு ஜீவனி (வாய்வழி உப்புக் கரைசல்), கஞ்சி, செவ்விளநீர் எனக் குடிக்கக் கொடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்காதீர்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தி எடுத்தால் இரத்தமா என்று தெரியாமல் போகும்.

காய்ச்சல் விட்டதும் "சுகமாகிவிட்டது" என்று தனியே விட்டுவிடாதீர்கள். டெங்கின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்று நோ, விடாத வாந்தி, முரசில் இரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கைகால் குளிர்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், அல்லது மூச்சு வாங்கி விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 94 வீதத்துக்குக் கீழே காட்டினாலும், நடு இரவானாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். காய்ச்சல் தொடங்கிய நாள், குடித்த அளவு, சிறுநீர் போன நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்தனுப்புங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அவைதான்.