பாதாள ஊருக்குப் போகும் முன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் துருக்கியின் கப்படோக்கியா பற்றி, அங்கே ஒரே நாளில் பள்ளத்தாக்குகளையும் பூமிக்கு அடியில் குடைந்த ஊர்களையும் காட்டும் குழுச் சுற்றுலா பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் குடும்பத்தோடு போகிறோம், கப்படோக்கியாவின் கோரெமே ஊரில் இரண்டு நாள் தங்கல். எல்லா ஏஜென்சியும் கிரீன் டூர், ரெட் டூர் என்று இரண்டைச் சொல்கிறார்கள். எதை எடுப்பது? குழுவோடு போகணுமா, நாமே சுற்றலாமா? அம்மாவுக்கு 64 வயது, மூட்டு வலி உண்டு.
ஒரு வாசகி, கோவை

கிரீன் டூரைக் குழுவோடு போங்கள், ரெட் டூர் இடங்களை நீங்களே பாருங்கள். காரணம் தூரம்தான். ரெட் டூரில் வரும் கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம் ஊரிலிருந்து நடந்தே போகிற தொலைவு, உச்சிசார் கோட்டை பக்கத்து ஊர், கூம்புப் பாறைகள் நிற்கும் பாஷாபாக்கும் மண்பாண்டம் செய்யும் அவானோஸ் ஊரும் பஸ்ஸிலோ டாக்சியிலோ சுலபமாகப் போய்வரக்கூடியவை. அங்கெல்லாம் வேனுக்குக் காத்திருக்காமல், பிடித்த இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதில்தான் சுகம்.

கிரீன் டூர் அப்படியில்லை. கோரெமேயிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் டெரின்குயு பாதாள நகரம், அங்கிருந்து மேற்கே இன்னும் அவ்வளவு தூரம் போனால் இஹ்லாரா பள்ளத்தாக்கு, அதன் மறுமுனையில் செலிமே மடாலயம், திரும்பும் வழியில் புறாப் பள்ளத்தாக்கு. இவற்றைப் பொது பஸ்ஸில் ஒரே நாளில் கோர்ப்பது நடக்காத காரியம். கார் எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இஹ்லாராவில் நடை ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும், கார் ஆரம்ப இடத்திலேயே நிற்கும். குழுவோடு போனால் வேன் நடை முடியும் இடத்துக்கு வந்து காத்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் இஹ்லாரா நுழைவாயிலில் ஏறக்குறைய 400 படிகள் இறங்க வேண்டும், அதே படிகளைத் திரும்ப ஏறுவது என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கீழே இறங்கிவிட்டால் மெலெண்டிஸ் ஓடைக் கரையோடு மூன்று நான்கு கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை, இரண்டு பக்கமும் நூறு மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவர், பாப்லர் மரங்கள், ஓடைச் சத்தம். பெலிசிர்மா கிராமத்தில் நடை முடியும், சாப்பாடும் பெரும்பாலும் அங்கேயே. பதிவு செய்யும்போதே நடை பெலிசிர்மாவில் முடிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறங்குவதே அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது என்றால், அவரை வேனிலேயே பெலிசிர்மாவுக்கு அழைத்துப்போக முடியுமா என்று முன்கூட்டியே பேசிவையுங்கள், அன்று காலை போய்க் கேட்டால் சங்கடம். செலிமே மடாலயத்தில் அம்மா கீழேயே இருந்துவிடட்டும். சரிவில் பொடிப்பொடியாக உதிரும் பாறை, இளைஞர்களுக்கே வழுக்கும்.

பாதாள நகரத்தில் இருபதாயிரம் பேர் வாழ்ந்தார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். வெளிச்சமே இல்லாத இடத்தில் அத்தனை பேர் ஆயுள் முழுக்க எப்படி இருந்திருக்க முடியும்?
கல்லூரி மாணவர், மதுரை

ஆயுள் முழுக்க இருக்கவில்லை. நீங்கள் சந்தேகப்பட்டது சரி. இருபதாயிரம் என்பது ஆபத்து நேரத்தில் உள்ளே எத்தனை பேர் அடங்கியிருக்கலாம் என்ற மதிப்பீடு, தலை எண்ணி எழுதிய கணக்கு அல்ல. மக்கள் மேலே வீட்டிலும் வயலிலும்தான் வாழ்ந்தார்கள். தானியத்தையும் திராட்சை ரசத்தையும் கீழே சேமித்தார்கள், படை வருகிறது என்று தெரிந்தால் ஆடு மாடுகளோடு குடும்பம் குடும்பமாக இறங்கிக் கதவை அடைத்துக்கொண்டார்கள். மாட்டுத் தொழுவம் மேல்தளத்திலேயே இருப்பதற்கும் காரணம் அதுதான், மாட்டைப் படிக்கட்டில் ஆழத்துக்கு இறக்க முடியாது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் பாட்டி வீட்டுத் திருகைக் கல்லை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாக்கி, நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு வட்டக் கல், நூற்றுக்கணக்கான கிலோ எடை. சுவரில் குடைந்த பள்ளத்தில் ஒதுங்கி நிற்கும், ஆபத்து வந்தால் உள்ளேயிருந்து உருட்டிப் பாதையை அடைத்துவிடலாம். வெளியே இருப்பவனுக்குப் பிடித்துத் தள்ள ஒரு பிடியும் கிடையாது. இப்படித் தளத்துக்குத் தளம் தனித்தனியாக அடைக்கலாம். பாதையை ஒருவர் மட்டும் குனிந்து போகும் அளவுக்குக் குறுக்கியதும் இதே கணக்குதான், வாளோடு வருகிறவன் தனித்தனியாகத்தான் வர முடியும்.

இதையெல்லாம் குடைய முடிந்ததற்குப் பாறைதான் காரணம். எர்ஜியெஸ், ஹசன் முதலிய எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி உண்டான டஃப் என்ற பாறை, வெட்டும்போது மெத்தென்று கொடுக்கும், காற்றுப் பட்டதும் கெட்டிப்படும். டெரின்குயு சுமார் 85 மீட்டர் ஆழம் போகிறது என்பார்கள், நமக்குத் திறந்துவிட்டிருப்பது அதில் ஒரு பகுதிதான். 50 மீட்டருக்கு மேல் ஆழமான காற்றுக் குழாய்கள் மேலிருந்து கீழே வரை இறங்குகின்றன. கிணறுகளும் உண்டு, எதிரி விஷம் கலந்துவிடக் கூடாது என்று சிலவற்றுக்கு மேலே வாயே வைக்கவில்லை. டெரின்குயு என்றால் துருக்கி மொழியில் ஆழக் கிணறு என்றுதான் பொருள்.

முதலில் குடைந்தது யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. பெரிதாக்கியவர்கள் பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின், கிறிஸ்தவர்கள், 7-ஆம் நூற்றாண்டு முதல் அரபுப் படைகள் அடிக்கடி வந்துபோன காலத்தில். ஆனால் அது ஏதோ ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆர். எம். டாகின்ஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1909-க்கும் 1911-க்கும் இடையில் கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் வாழ்ந்த அந்த ஊர்களில் அவர்களுடைய பேச்சுவழக்கைப் பதிவு செய்யப் போனவர். 1909-இல் துருக்கியின் தெற்கே அதானா நகரில் அர்மீனியக் கிறிஸ்தவர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி வந்ததும் ஆக்ஸோ என்ற ஊர் மக்கள் பாதாள அறைகளுக்குள் போய் ஒளிந்தார்கள், சில இரவுகள் மேலே படுக்கவே துணியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். என் பாட்டனார் காலம் அது. பிறகு 1923-இல் கிரீஸும் துருக்கியும் செய்த மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் அந்தக் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் ஊரையே விட்டுப் போனார்கள். நிலவறைகள் மறந்து போயின. 1963-இல் டெரின்குயுவில் ஒருவர் வீட்டைத் திருத்தும்போது சுவருக்குப் பின்னால் ஓர் அறை தெரிய, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று ஊரே திரும்பக் கிடைத்தது. 1969-இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள்.

இதைப் படித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் வெறும் ஓட்டை ஓட்டையாகத்தான் தெரியும், அறைக்குள் நாற்காலி மேசை எதுவும் கிடையாது. ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல், எண்ணெய் விளக்கில் இங்கே உட்கார்ந்திருந்தவளை நினைத்துப் பார்த்தால் அந்த இடம் பேசத் தொடங்கும்.

லிஃப்டில் ஏறினாலே எனக்கு மூச்சு முட்டும். பாதாள நகரத்துக்குள் போகலாமா?
பெயர் வேண்டாம், திருநெல்வேலி

வேண்டாம். லிஃப்ட் அரை நிமிடத்தில் திறந்துவிடும், இங்கே நீளமான படிக்கட்டில் முன்னால் ஒருவர், பின்னால் பத்துப் பேர், நடுவில் நீங்கள், நினைத்த மாத்திரத்தில் திரும்ப முடியாது. எதிரே இன்னொரு குழு ஏறி வந்தால் அவர்கள் தாண்டும் வரை அங்கேயே நிற்க வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் யோசிக்கவேண்டும். மேல் ஒன்றிரண்டு தளம் ஓரளவு விசாலம், அதுவரை வழிகாட்டியோடு போய்விட்டு வெளியே வந்து தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நடுவில் பயம் வந்தால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள், கூச்சப்பட்டு அடக்கிக்கொள்ளாதீர்கள். சுவரில் அம்புக்குறிகள் உண்டு, சிவப்பு கீழே போக, நீலம் மேலே வர. பக்கத்தில் காய்மக்லி என்று இன்னொரு பாதாள நகரம் இருக்கிறது, அங்கே நான்கு தளம்தான் திறந்திருக்கிறது, ஆழம் குறைவு, ஆனால் பாதைகள் இன்னும் தாழ்வு. அதனால் உங்களுக்கு அதுவும் மாற்று ஆகாது. நீங்கள் இஹ்லாராவை நிதானமாகப் பாருங்கள், அது திறந்த வானம்.

நாங்கள் போனபோது வழிகாட்டி, ஸெனஃபோன் என்ற பழைய கிரேக்கர் கப்படோக்கியாவின் பாதாள வீடுகளைப் பற்றி 2,400 வருடம் முன்பே எழுதியிருக்கிறார் என்றார். உண்மையா?
ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பாதி உண்மை, ஐயா. ஸெனஃபோன் எழுதியிருக்கிறார். வாய் கிணறுபோலக் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் இருந்த நிலத்தடி வீடுகள், மனிதர்கள் ஏணியில் இறங்க, ஆடு, மாடு, கோழிகளுக்குத் தனி வழி, உள்ளே கோதுமை, வாற்கோதுமை, நாணல் குழலால் உறிஞ்சிக் குடித்த மது எல்லாம் வருகிறது. ஆனால் அவர் பார்த்தது அர்மீனியக் கிராமம் ஒன்றில், கப்படோக்கியாவுக்கு வெகு கிழக்கே. அதோடு அது குளிருக்காகக் கட்டிய குடும்ப வீடு, பல தளம் உள்ள ஊர் அல்ல. வழிகாட்டிகள் வழிவழியாக இதைச் சேர்த்துச் சொல்லிவருகிறார்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அதை விசாரிக்கிறீர்களே, அது எனக்கு மிகவும் பிடித்தது.

சைவம் மட்டும்தான். மதியச் சாப்பாடு டூரில் சேர்த்தி என்கிறார்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும்?
வாசகர், சேலம்

பருப்பு சூப், ரொட்டி, சாலட், மண்சட்டியில் வெந்த காய்கறி கிடைக்கும். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சோற்றை இறைச்சி வேகவைத்த நீரில் சமைப்பதுண்டு, சூப்பும் சில இடங்களில் அப்படித்தான், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அய்ரான் என்பது நம் உப்பு மோர்தான், நடந்து வந்த களைப்புக்கு நல்லது. குடிக்கும் பானங்களுக்குப் பெரும்பாலும் தனிக் காசு.

டூரில் நகைக் கடைக்கும் கல் பட்டறைக்கும் கூட்டிப்போகிறார்களாமே, கட்டாயம் வாங்க வேண்டுமா?
வாசகி, கொழும்பு

வாங்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பணத்தைவிட நேரம்தான் இழப்பு. நான் முதல்முறை போன குழுவில் இரண்டு கடைகளில் ஒன்றரை மணி நேரம் போனது. அதனால் செலிமேயில் எங்களுக்குக் கிடைத்தது இருபதே நிமிடம். பாறைக்குள் தூண் வைத்துக் குடைந்த பெரிய கோயிலும், புகை போகக் கூம்பு மாதிரி மேலே உயரும் சமையலறையும் இருக்கிற இடம் அது, ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வேனில் ஏறியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டாம் முறை போகும்போது கடை உண்டா, எத்தனை, செலிமேயில் எவ்வளவு நேரம், குழுவில் எத்தனை பேர் என்று நாலு கேள்வி கேட்டுப் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் அந்த நாள் முழுவதும் எனக்குக் கிடைத்தது. வழிகாட்டி அரசு உரிமம் உள்ளவரா என்றும் கேளுங்கள், துருக்கியில் அது சட்டப்படி வேண்டும், உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள்.

காலையில் வெப்பக்காற்று பலூன் சவாரி, அன்றே கிரீன் டூர் முடியுமா?
வாசகர், பெங்களூரு

முடியும். பலூன் சூரியோதயத்தில், டூர் ஒன்பதரை வாக்கில் கிளம்பும். ஆனால் மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ எழுந்த உடம்போடு 400 படி இறங்க வேண்டும். காற்று சரியில்லை என்றால் பலூன் ரத்தாகி மறுநாளுக்குத் தள்ளும், ஆகவே பலூனை முதல் நாள் காலைக்கே போடுங்கள்.

புறாப் பள்ளத்தாக்கில் பாறை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள் பார்த்தேன். புறாவை வளர்த்தது தின்பதற்கா?
வாசகி, புதுச்சேரி

முக்கியமாக எச்சத்துக்காக. எரிமலை மண்ணில் திராட்சைக்கும் பழ மரங்களுக்கும் உரம் வேண்டும், புறா எச்சத்தைப்போல் அங்கே கைக்கெட்டிய உரம் வேறில்லை. அதற்காகவே பாறையில் மாடம் குடைந்து, உள்ளே புறா உட்காரக் கட்டைகள் வைத்து, வாசலைச் சுற்றி வெள்ளை பூசி, சிவப்பில் கோலம் மாதிரி சித்திரமும் எழுதினார்கள். வருடத்துக்கு ஒருமுறை திறந்து எச்சத்தை அள்ளிக்கொள்வார்கள். கைவிடப்பட்ட சில தேவாலயங்களைக்கூட வாசலை அடைத்துப் புறா மாடமாக மாற்றியிருக்கிறார்கள், காற்றும் வெளிச்சமும் படாததால் உள்ளே சுவரோவியங்கள் பிழைத்தன.

ஆறு வயதுப் பையனைக் கூட்டிப்போகலாமா?
ஒரு தந்தை, ஓசூர்

தாராளமாக. பெரியவர்கள் குனிகிற இடத்தில் அவன் நிமிர்ந்தே நடப்பான். கையை மட்டும் விடாதீர்கள், பக்கவாட்டில் நிறைய கிளைப் பாதைகள், காற்றுக் குழாய் ஓரங்களிலும் கவனம் வேண்டும். கோடையிலும் உள்ளே 13 முதல் 15 டிகிரிதான், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கென்று ஒரு சின்ன டார்ச்சும் வாங்கிக் கொடுங்கள்.