தம்பியின் தாமிரச் சுரங்கமும் மறு அடகு வைத்த நகையும்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. என் தம்பி ஜாம்பியாவில், கிட்வே நகரில் வேலை பார்க்கிறான். அவனுக்காக இரண்டு முறை நகையை அடகு வைத்து 7 லட்சம் கொடுத்தேன். ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். இப்போது உள்ளூர் நண்பருடன் சேர்ந்து, நண்பர் பெயரில் உரிமம் வாங்கி, சிறு தாமிரச் சுரங்கம் எடுக்கப் போகிறானாம். 8 லட்சம் கொடுத்தால் ஒரே ஆண்டில் இரட்டிப்பாகத் தருகிறேன் என்கிறான். பச்சை நிறக் கல்லின் படமும் அனுப்பியிருக்கிறான். மீதி நகையையும் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது தாமிரம் அல்ல, 'திருப்பி வைக்கிறேன்' என்ற சொல்தான். ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்வோம். 7 லட்சத்துக்கு ஆண்டுக்கு 84,000 ரூபாய் போகிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இன்னும் 8 லட்சம் சேர்ந்தால் மாதம் 15,000 வட்டிக்கே போய்விடும். அதே 15,000 ரூபாயை மாதாமாதம் பழைய கடனுக்குக் கட்டினால், ஏறக்குறைய ஐந்தே கால் ஆண்டில் நகை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும்.

தாமிரத்துக்குத் தேவை இருக்கிறது என்பது உண்மைதான். மின்சார வாகனத்துக்கும் மின்தடங்களுக்கும் அது வேண்டும். 2016 ஜனவரியில் டன் 4,300 டாலர் அளவில் இருந்த விலை, 2024 மே மாதத்தில் 11,000 டாலரைத் தாண்டியது. ஆனால் அதற்கு முன் நடந்ததையும் பாருங்கள். 2011 தொடக்கத்தில் 10,000 டாலருக்கு மேல் இருந்துதான் அந்த 4,300க்கு விழுந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு ரூபாய் வட்டி, அசலில் 60 சதவீதத்தைத் தின்றிருக்கும். கடன் வாங்கியவரால் விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது.

பெரிய நிறுவனங்களே அங்கே திணறுகின்றன. கொங்கோலா தாமிரச் சுரங்கத்தின் பெரும்பங்கை வேதாந்தா 2004இல் வாங்கியது. 2019இல் ஜாம்பியா அரசு அதைக் கலைப்பு அலுவலரிடம் ஒப்படைத்தது. வழக்கும் பேச்சுவார்த்தையும் முடிந்து சுரங்கம் மீண்டும் வேதாந்தாவின் கைக்கு வந்தது 2024இல். பக்கத்து காங்கோவில், காக்குலா சுரங்கத்துக்குள் 2025 மே மாதம் நில அதிர்வுக்குப் பிறகு தண்ணீர் புகுந்தது. அவர்களிடம் வழக்கறிஞர்களும் ராட்சத பம்புகளும் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது நகை.

அந்தப் படத்துக்கு வருகிறேன். தாமிரத் தாது காற்றும் நீரும் பட்டுப் பச்சையாவது இயல்பு. அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட கல் அபூர்வமே அல்ல. ஒரு டன் கல்லில் 20 கிலோ தாமிரம் இருக்கிறதா, 2 கிலோதானா என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும். உரிமம் நண்பர் பெயரில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஜாம்பியாவின் 2015ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் கைத்தொழில் சுரங்கத்தை, அதாவது கைக்கருவிகளால் சிறிய அளவில் தோண்டுவதை, அந்நாட்டுக் குடிமக்களுக்கே ஒதுக்கியது. சிறு சுரங்கத்துக்கும் நிறுவனத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்தாக வேண்டும் என்றது. நண்பர் நாளை கைவிரித்தால் தம்பி எந்தத் தாளைக் காட்டிக் கேட்பான்? உங்களுக்கோ அந்தத் தாளில் பெயரே இருக்காது. வெளிநாட்டு முதலீட்டுக்குப் பணம் அனுப்பக் கடன் தரக்கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதியும் இருக்கிறது. ஆகவே 'நகைக்கடன் எடுத்து அனுப்பு' என்பது முதல் அடியிலேயே சிக்கல்.

தாமிரத்தில் ஆசை இருந்தால், கடன் தீர்ந்த பிறகு, சுரங்க நிறுவனப் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்டில் சேமிப்பில் இருபதில் ஒரு பங்கு போடுங்கள். இப்போது விளம்பரத்தில் வரும் 'எதிர்கால உலோகம்' திட்டங்கள் எதையும் அவசரமாகத் தொட வேண்டாம்.

தம்பியிடம் 'இல்லை' என்பதை நீங்களே போனில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அவன் இன்னொரு படம் அனுப்புவான். பழைய 7 லட்சத்துக்கு மாதம் எவ்வளவு அனுப்புவான் என்றும் அப்போதே கேளுங்கள். பிறகு இரண்டு அடகு ரசீதுகளையும் எடுத்து, எதற்கு வட்டி அதிகமோ அதன் அசலில் இந்த மாதமே 5,000 கட்டிவிடுங்கள்.