போர்டில் பெண்கள் இருந்தால் லாபம் கூடுமா?

கேள்வி: சில வருடங்களாகப் பங்குகளில் முதலீடு செய்து வருகிறேன். இயக்குநர் குழுவில் பெண்கள் அதிகம் உள்ள கம்பெனிகள் கூடுதல் லாபம் ஈட்டுகின்றன என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதை வைத்துப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து வாங்க வேண்டாம். ஆனால் அந்தத் தகவலைத் தள்ளியும் விடாதீர்கள்.

நன்றாக ஓடுகிற பெரிய கம்பெனிக்குத் திறமையான பெண்களை போர்டுக்கு அழைத்து வருவது எளிது. எனவே லாபம் முதலில் வந்ததா, பெண்கள் முதலில் வந்தார்களா என்பது வெறும் ஒப்பீட்டில் தெரியாது. கோரின் போஸ்ட், கிரிஸ் பைரன் என்ற இருவர் 140 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2015-இல் வெளியிட்டார்கள். கணக்கில் தெரியும் லாபத்தோடு சிறிய அளவில் நல்ல தொடர்பு இருந்தது. சந்தை மதிப்போடு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நார்வே 2003-இல் 40 சதவீத ஒதுக்கீட்டுக்குச் சட்டம் போட்டு 2008-இல் கட்டாயமாக்கியது. அதனால் கம்பெனிகளின் மதிப்பு சரிந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் அதே விஷயத்தை மறுபடி ஆராய்ந்தவர்கள், அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஓர் ஆய்வு. ரெனே ஆடம்ஸ், டேனியல் ஃபெரெய்ரா இருவரும் அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்து 2009-இல் எழுதியது. பெண் இயக்குநர்கள் கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்தார்கள். அவர்கள் அதிகம் இருந்த போர்டுகளில் ஆண்களின் வருகையும் சீரானது. தணிக்கை போன்ற கண்காணிப்புக் குழுக்களில் அவர்கள் கூடுதலாக இடம்பெற்றார்கள். பங்கு சரிந்தால் தலைமை அதிகாரி பதவி இழக்கும் வாய்ப்பும் கூடியது. ஆனால் ஏற்கெனவே கறாராக நடக்கும் கம்பெனிகளில் இந்தக் கூடுதல் கண்காணிப்பு லாபத்துக்கு உதவவில்லை, பாதித்தது. ஆக, பலன் தெரிவது கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டம் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்குக் குறைந்தது ஒரு பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கொடுத்த கெடு 2015 ஏப்ரல் 1. கெடு நெருங்கியதும் பல புரமோட்டர்கள் (கம்பெனியைத் தொடங்கி, தங்கள் பிடியில் வைத்திருப்பவர்கள்) மனைவியையோ மகளையோ உட்கார வைத்தார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லவே மாட்டேன். தொழிலைத் தோளில் சுமக்கும் மகள்கள் நிறைய உண்டு. ஆனால் சிறு முதலீட்டாளருக்காகப் புரமோட்டரிடம் கேள்வி கேட்க வெளியாள் வேண்டும். அப்புறம்தான் செபி சுயாதீனப் பெண் இயக்குநர், அதாவது புரமோட்டரைச் சாராத வெளியாள், வேண்டும் என்றது: சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரலில், முதல் 1,000-க்கு 2020 ஏப்ரலில். அதனால் ஒரு பெண் இருக்கிறார் என்பது சட்டத்துக்கு இணங்கியதைத்தான் காட்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆண்டறிக்கையில் நிறுவன ஆளுகை அறிக்கையைத் திறங்கள். இயக்குநர்கள் அட்டவணையில் பெண் இயக்குநரின் பெயருக்கு நேரே சுயாதீன இயக்குநர் என்று இருக்கிறதா, மற்ற இயக்குநருக்கு உறவா என்று பாருங்கள். அதே வரிசையில் வருகைக் கணக்கு இருக்கும்: ஆறு கூட்டத்தில் ஆறா, இரண்டா? தணிக்கைக் குழுவில் இருக்கிறாரா என்பதை நான் எப்போதும் பார்ப்பேன். புரமோட்டரின் இன்னொரு கம்பெனிக்குக் கடன் கொடுப்பது, அவர் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது போன்றவை அங்கேதான் ஒப்புதலுக்கு வரும். அதில் ஓட்டுப் போடுவது சுயாதீன இயக்குநர்கள் மட்டுமே.

கடைசியாக, கம்பெனி சட்ட விதிகளைப் பின்பற்றியதா என்று சரிபார்க்கும் செயலகத் தணிக்கை அறிக்கை. பெண் இயக்குநர் பதவியை நிரப்பாத கம்பெனிக்குப் பங்குச் சந்தை நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் போடும். அந்தக் குறை இந்த அறிக்கையில் பதிவாகும். ஓர் ஆளைத் தேடாமல் மாதக்கணக்கில் அபராதம் கட்டும் கம்பெனியின் பங்கை, லாபம் எவ்வளவு காட்டினாலும் நான் வாங்க மாட்டேன்.