கால் எரிச்சலுக்கு பி5 மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 47. பெரம்பூரில் இருக்கிறேன். சைவம், முட்டையும் கிடையாது. மூன்று மாதமாக ராத்திரி படுத்தால் உள்ளங்கால் எரிகிறது. முடி கொட்டுவதற்காக ஒரு வருஷமாக பயோட்டின் மாத்திரை போடுகிறேன். வைட்டமின் பி5 குறைந்தால் கால் எரியும் என்று படித்துவிட்டு 500 மி.கி. பாந்தோதெனிக் அமில (பி5-இன் இன்னொரு பெயர்) மாத்திரை வாங்கிவிட்டேன். போடலாமா?

பதில்: இப்போதைக்கு அந்த டப்பாவைப் பிரிக்க வேண்டாம்.

நீங்கள் படித்தது தப்பில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர்கள் பலர் கால் எரிச்சலால் தூங்க முடியாமல் தவித்தார்கள். நம் ஊட்டச்சத்து மேதை சி. கோபாலனும் 1946-ல், பி5-இன் மருந்து வடிவமான கால்சியம் பாந்தோதெனேட் கொடுத்தபோது கால் எரிச்சல் தணிந்ததைப் பதிவு செய்தார். ஆனால் அந்தக் கைதிகள் பல சத்துகளும் ஒருசேர இல்லாமல் வாடியவர்கள். மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு பி5 மட்டும் தனியாகக் குறைவது மிக மிக அரிது. 'எல்லாப் பக்கமிருந்தும்' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பாந்தோதெனிக் என்ற பெயரே வந்தது. அநேகமாக எல்லா உணவிலும் கொஞ்சமாவது இருக்கிறது.

உங்கள் வயதில், சைவ உணவில், முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரையையும் பி12 குறைவையும். அடுத்து தைராய்டு, சிறுநீரகம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) ஆகிய ஐந்தையும் பாருங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையை இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். டாக்டரிடம் போகும்போது பாத உணர்வையும் சோதிக்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து அழுத்துவார்கள். அது பட்டது தெரியாவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவைப் புரட்டிப்போட்டுவிடும். இல்லாத நோய்க்கு மருந்து எழுதும் நிலைகூட வரலாம். பயோட்டின் அட்டையின் பின்பக்கம் பைரிடாக்சின் எவ்வளவு என்றும் பாருங்கள். அது பி6. மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து எரிச்சல் கொடுக்கும்.

பி5 உடலுக்கு அவசியமில்லை என்று சொல்லவில்லை. மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் எதை எரித்துச் சக்தி எடுத்தாலும் கோஎன்சைம் ஏ என்ற துணைப்பொருள் வேண்டும். அது பி5 இல்லாமல் உருவாகாது. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினுக்கும் அது தேவை. ஆனாலும் பெரியவருக்கு நாளுக்கு 5 மி.கி. போதும், கர்ப்பிணிக்கு 6, பாலூட்டும் தாய்க்கு 7. உங்கள் மாத்திரை அதைப்போல 100 மடங்கு. விஷமில்லை, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். ஆனால் பயோட்டினும் பி5-வும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஒன்று குவிந்தால் மற்றதற்கு இடைஞ்சல். அதைவிடப் பெரிய நஷ்டம், மாத்திரையை நம்பி அசல் காரணத்தைத் தேடாமல் விடுவது.

5 மி.கி.யை அடுக்களையிலேயே எட்டிவிடலாம். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 0.9, ஒரு கிண்ணம் தயிரில் 0.8, 60 கிராம் துவரம்பருப்பில் 0.7, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 0.5, 100 கிராம் காளானில் 1.5 மி.கி. மிச்சத்தைச் சோறும் காய்கறியும் பார்த்துக்கொள்ளும். கோட்டை விடுவது சமைக்கும்போதுதான். இது நீரில் கரையும் சத்து. அரிசியை நாலைந்து தடவை அலசி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அதோடு போய்விடும். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் பொங்கிவிடுங்கள். கடலை சீக்கிரம் வேக ஆப்பசோடா போடுவதையும் விடுங்கள், சோடாவின் காரத்தன்மை பி5-ஐச் சிதைக்கும். முதல் நாள் இரவே ஊறவைத்தால் சோடாவே தேவைப்படாது.

சோதனை முடியும்வரை எரிச்சலுக்காகக் கொதிக்கும் தண்ணீரிலோ ஐஸிலோ காலை வைக்காதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெதுவெதுப்பா என்று முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். பாதத்தில் புண் தெரிந்தாலோ, மரமரப்பு மேலே ஏறி நடை தள்ளாடினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.