வாசற்படி இல்லாத பாத்ரூம்: கீழ்வீடு ஒழுகாமல் செய்ய முடியுமா?

கேள்வி: நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் எங்கள் ஃப்ளாட். கட்டி 21 வருடம் ஆகிறது. பெட்ரூமோடு சேர்ந்த பாத்ரூம் எட்டுக்கு ஐந்து அடி. மாமியாருக்கு 76 வயது, மூட்டு வலி, வாக்கர் வைத்து நடக்கிறார். பாத்ரூம் வாசலில் உள்ள நான்கு அங்குலப் படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்துவிட்டார். படியையும் உள்ளே இருக்கும் கண்ணாடித் தடுப்பையும் எடுத்துவிட்டு, 'வெட் ரூம்' என்கிறார்களே, அதுபோல மேடு பள்ளம் இல்லாத ஒரே தரையாக மாற்ற ஆசை. பெரிய மழை ஷவரும் வைக்கலாம் என்றிருக்கிறோம். காண்ட்ராக்டர், "பழைய டைல்ஸை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே கெமிக்கல் கோட்டிங் அடித்துப் புது டைல்ஸ் ஒட்டிவிடலாம், மூன்று நாளில் வேலை முடியும், பத்து வருட வாரண்டி" என்கிறார். கீழ்வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே கூரையில் ஈரத் திட்டு தெரிவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்ரூம் இல்லை. ஆனால் உங்கள் காண்ட்ராக்டர் சொல்லும் முறையில் செய்யாதீர்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஏற்கெனவே ஓதம் இருக்கிறது என்ற ஒரு வரி போதும், அந்த முறையை மறுப்பதற்கு. பெரும்பாலும் பழைய டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். மேலே புது டைல்ஸ் ஒட்டினால் உங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும். அடியில் ஊறுவது ஊறிக்கொண்டே இருக்கும்.

வெட் ரூமின் உயிரே வாட்டம்தான், அதாவது தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. படியும் தடுப்பும் இல்லாததால் தண்ணீரைத் திருப்பி அனுப்ப வேறு எதுவும் கிடையாது. குளிக்கும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம், மற்ற இடத்தில் அடிக்கு அரைக்கால் அங்குலம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் பாத்ரூமில் கதவுக்கு எதிர்க்கோடியில் நான்கு அடியைக் குளிக்க ஒதுக்கினால் அங்கே ஒரு அங்குலம், மீதி நான்கு அடிக்கு அரை அங்குலம். ஆக, வாசலில் பெட்ரூம் தரையோடு மட்டமாகத் தொடங்கி, தண்ணீர் போகும் வாய்க்கு வரும்போது ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். இப்போது படியை எடுத்துவிட்டுப் பார்த்தால், இந்த வயதுக் கட்டடங்களில் பாத்ரூம் தரை பெட்ரூமைவிட ஒரு அங்குலம்தான் தாழ்ந்திருக்கும். அதன்மேல் பசையும் டைலும் ஏறினால் முக்கால் அங்குலம் போய்விடும். மிச்சம் கால் அங்குலம். முதல் நாள் மாமியார் குளித்த தண்ணீர் பெட்ரூம் கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும்.

எனவே உடைத்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு ஆழம் உடைக்கலாம் என்பதற்கு விடை உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. பாத்ரூமில் நின்று அண்ணாந்து பாருங்கள். பெட்ரூம் கூரையைவிட பாத்ரூம் கூரை அரை அடி, முக்கால் அடி தாழ்ந்திருக்கிறதா? அளவு டேப் வைத்து இரண்டு இடத்திலும் தரையிலிருந்து கூரைவரை அளந்து எழுதுங்கள். தாழ்ந்திருந்தால், மேல்வீட்டு பாத்ரூமுக்காகத் தளத்தையே பள்ளமாக வார்த்து, குழாய்களை அந்தப் பள்ளத்துக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள். சங்கன் ஸ்லாப் என்று மேஸ்திரிகள் சொல்வது இதைத்தான். உங்கள் தரையும் அநேகமாக அப்படியே இருக்கும். பழைய நிரப்பலை எடுத்துவிட்டால் வேண்டிய வாட்டத்துக்கு மேலேயே ஆழம் கிடைக்கும்.

கூரை ஒரே மட்டமாக இருந்து, மேல்வீட்டுக் குழாய்கள் உங்கள் பாத்ரூம் கூரைக்கு அடியில் வெளியே தொங்கினால் கதை வேறு. இந்த விதிவிலக்கைப் பலர் கவனிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட கட்டடத்தில் உங்கள் தரைக்கு அடியில் பள்ளம் கிடையாது. டைல், கலவை இரண்டும் சேர்ந்து இரண்டு, இரண்டரை அங்குலம் இருந்தாலே அதிகம். அதற்குக் கீழே கம்பி கட்டிய கான்கிரீட். வாட்டம் போதவில்லை என்று அந்தக் கான்கிரீட்டைக் கொத்தவே கூடாது. ட்ராப்பை, அதாவது தண்ணீர் போகும் வாய்க்கு அடியில் உள்ள குழாய்ப் பகுதியை, இடம் மாற்றவும் முடியாது. மாற்றினால் தளத்தில் புது ஓட்டை போட வேண்டும், புதுக் குழாய் கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் தொங்கும். அவர் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. இங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். தரையைக் கீழே இறக்குவதற்குப் பதிலாக வாசலை மேலே ஏற்ற வேண்டும். பாத்ரூமுக்குள் வாட்டத்துக்கு எவ்வளவு உயரம் குறைகிறதோ, அந்த உயரத்துக்கு வாசல் பக்கத் தரையை உயர்த்தி, பெட்ரூம் பக்கம் ஒரு சாய்தளம் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு அங்குல உயரத்துக்குக் குறைந்தது ஒரு அடி நீளம். வாக்கர் தடுக்காமல் ஏறும். கட்டில், பீரோ நிற்கும் இடத்தைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். மேல்மாடி நீங்களே என்றால், மேலே அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. கீழ்வீட்டில் அனுமதி கேட்டு அவர்கள் கூரையைப் பாருங்கள். ஓதம் எந்த இடத்தில் தெரிகிறது என்பதையும் அப்போதே படம் எடுத்து வையுங்கள். குழாய் இறங்கும் மூலையைச் சுற்றி மட்டும் இருக்கிறதா, கூரை முழுக்கப் பரவியிருக்கிறதா என்பதை வைத்தே பாதி நோய் தெரிந்துவிடும்.

பள்ளத் தளம் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். அந்தக் காலத்தில் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பினார்கள். அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். இருபது வருடம் கழித்து உடைத்துப் பார்த்தால் அள்ளும் மண்வெட்டியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டும். பாதியை எடுத்தால் போதும் என்பார்கள். ஒரு கூடைகூட மிச்சம் வைக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். கடைசி நாலு அங்குலத்தைக் கையுளியால் எடுக்க வேண்டும், பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம். தளம் வெளியே தெரிந்ததும் இரண்டு நாள் காய விட்டு, கம்பி துருப்பிடித்து எங்காவது வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தண்ணீர் கசியாமல் தடுக்கும் கோட்டிங் இரண்டு இடத்தில் வர வேண்டும். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஒன்று. நிரப்பி, வாட்டம் போட்டபின் டைலுக்கு அடியில் இன்னொன்று. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்துப் பூசி, வலை ஒட்டி, அதன்மேல் அடிக்க வேண்டும். குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தைச் சாதா சிமென்டால் அடைக்காதீர்கள், காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும். காயும்போது சுருங்காத கிரவுட் என்ற அடைப்புக் கலவையைக் கேட்டு வாங்குங்கள். குளிக்கும் பகுதியின் மூன்று சுவர்களிலும் ஏழு அடி உயரம், மற்ற சுவர்களில் ஒரு அடி.

இங்கேதான் ஏமாற்று வேலை நடக்கிறது. இந்தக் கோட்டிங் பெரும்பாலும் பொடி ஒரு பை, திரவம் ஒரு கேன் என்று ஜோடியாக வரும். இரண்டையும் அப்படியே கலக்க வேண்டும். கலப்பவர் திரவத்தில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கலப்பதை நான் பல வேலை இடங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மிச்சம் அடுத்த வேலைக்குப் போகும். சுவரில் அடித்தபின் இரண்டும் ஒரே நிறம்தான். நீங்களே கணக்குப் போடுங்கள்: தரை 40 சதுர அடி, சுற்றுச் சுவர் 26 அடி நீளம் ஒரு அடி உயரத்துக்கு 26, குளிக்கும் பகுதியில் 13 அடி நீளத்துக்கு இன்னும் ஆறு அடி உயரம் என்றால் 78. மொத்தம் 144 சதுர அடி. பையில் இரண்டு கோட்டுக்கு எத்தனை சதுர அடி வரும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதால் வகுத்தால் எத்தனை செட் என்று தெரிந்துவிடும். பள்ளத்துக்கு இதே போலத் தனியாக. பில் போட்டு நீங்களே வாங்குங்கள், சீல் உடையாமல் வீட்டில் இறக்குங்கள், காலிப் பைகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து வருட வாரண்டி விஷயம். அந்த அட்டையைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருளுக்குத்தான் உத்தரவாதம் இருக்கும், அடித்த கைக்கு இருக்காது. ஒழுகினால் இன்னொரு டப்பா தருவார்கள். உடைத்து, அள்ளி, மறுபடி டைல்ஸ் ஒட்டும் செலவு உங்களுடையது.

வீட்டில் ஒயரிங் செய்பவருக்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் மூன்று குடும்பங்களின் கூரையை ஈரமாக்கக்கூடிய இந்த வேலைக்கு எந்தச் சான்றும் யாரும் கேட்பதில்லை. வரைபடத்தில் பாத்ரூம் ஒரு சிறிய கட்டமாக இருந்தால் அனுமதி கிடைத்துவிடும். அதற்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்க ஒரு அதிகாரி வந்து நான் பார்த்ததில்லை. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் வேலைக் குறை தெரிந்தால் கட்டியவர் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் 21 வயதுக் கட்டடத்துக்கு அது எட்டாது, நீங்கள் அமர்த்தும் சில்லறைக் காண்ட்ராக்டரையும் அது தொடாது. உங்களைக் காப்பது எழுதி வாங்கும் ஒப்பந்தமும் நீங்கள் நின்று பார்க்கும் சோதனையும் மட்டுமே.

அந்தச் சோதனை இதுதான். கோட்டிங் காய்ந்தபின், டைல் ஒட்டும் முன், தண்ணீர் போகும் வாயை அடைத்து, வாசலில் ஒரு வரிசை செங்கல் வைத்துப் பூசி, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம். கதவைச் சாத்தி வைத்தால் ஆவியாகிப் போவது மிகக் குறைவு. கோட்டுக்குக் கீழே அரை அங்குலம் இறங்கியிருந்தால் எங்கோ வழி இருக்கிறது. கீழ்வீட்டில் போய் நீங்களே கூரையைத் தொட்டுப் பாருங்கள். டைல் ஒட்டியபின் சோதிக்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள், அப்போது உடைக்க யாருக்கும் மனம் வராது. ஒரு முறை எல்லாம் சரியாக முடிந்து, சோதனையும் தேறி, மறுநாள் காலை பிளம்பர் குழாய்க் கிளாம்ப் மாட்ட தரையில் இரண்டு துளை போட்டுவிட்டார். நான் மதியம் போய்ப் பார்த்தபோது துளையில் கலவை வைத்து மூடியிருந்தது. மறுபடி முதலிலிருந்து கோட்டிங் அடித்தோம். அன்றிலிருந்து, கோட்டிங் முடிந்த பாத்ரூமுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இத்தனையும் சேர்த்தால் மூன்று நாளில் முடியாது. இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு அதுவரை வேறு ஏற்பாடு வேண்டும்.

டைலுக்கு வருவோம். கடையில் 'ஆன்ட்டி ஸ்கிட்' என்று சொன்னால் போதாது. ஆர்9, ஆர்10, ஆர்11 என்று பெட்டியில் போட்டிருப்பது எண்ணெய் ஊற்றிய சரிவில் ஷூ போட்டு நடத்திய சோதனை. வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் தனிச் சோதனை இருக்கிறது. அதில் ஏ, பி, சி என்று தரம். குளிக்கும் தரைக்கு பி கேளுங்கள். விற்பவருக்கே தெரியாமல் போகலாம். அப்போது மாதிரி டைலில் தண்ணீரும் ஒரு சொட்டு ஷாம்பூவும் விட்டு, செருப்பைக் கழற்றிக் குதிகாலால் தேய்த்துப் பாருங்கள். தரைக்குப் பெரிய டைல் வேண்டாம். ஒரு அடி அல்லது அதற்கும் சிறியதாக எடுத்தால் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும், இடைக்கோடுகள் அதிகம் இருப்பதால் காலுக்குப் பிடியும் கிடைக்கும். இடைக்கோட்டுக்கு வெள்ளை சிமென்ட் வேண்டாம், எபாக்ஸி என்ற பிசின் கலவை போடுங்கள். உங்களை டைல்ஸ் கடைக்கு அழைத்துப் போகிறவருக்கு அந்தக் கடையில் கமிஷன் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, தனியாக இன்னொரு கடையில் விலை கேளுங்கள்.

தண்ணீர் போக எதிர்ச்சுவரை ஒட்டி நீள வாய்க்கால் வையுங்கள். ஒரே பக்கமாக வாட்டம் போடலாம், கொத்தனாருக்கும் எளிது. மூடி 304 ரக ஸ்டீல் என்று சொல்லி மட்டமான 202 தருவது சகஜம். காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டவில்லை பாருங்கள்" என்பார்கள். 202-இலும் காந்தம் ஒட்டாது. நம் போர் தண்ணீரில் சீக்கிரமே பழுப்பேறி நிற்கும். மூடியில் ரக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பில்லிலும் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

மழை ஷவரை விட்டுவிடுங்கள். அது சரியாகக் கொட்ட ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் வேண்டும், அதற்குத் தொட்டி ஷவருக்கு மேலே 33 அடி உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் மொட்டைமாடித் தொட்டி அந்த உயரத்தில் இருக்காது. பிரஷர் பம்ப் வாங்கச் சொல்வார்கள். உட்கார்ந்து குளிக்கும் ஒருவருக்குக் கையில் பிடிக்கும் ஷவரே வசதி. கண்ணாடியும் வேண்டாம், உப்புத் தண்ணீரில் வெள்ளை படிந்து தினமும் துடைக்கும் வேலைதான் மிச்சம். கீஸருக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்று ஒயர்மேனை வைத்துப் பாருங்கள்.

கதவை மறக்காதீர்கள். இப்போது உள்பக்கம் திறந்தால், யாராவது உள்ளே மயங்கி விழும்போது அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படியோ தள்ளு கதவாகவோ மாற்றுங்கள். இரண்டரை அடிக் கதவில் வாக்கர் போகும், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால் இடிக்கும். இடம் இருந்தால் மூன்று அடிக்கு அகலப்படுத்துங்கள்.

கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் என்று நான் அளவு தரலாம். அதைவிட, பூச்சு வேலை தொடங்கும் முன் ஒரு காலை நேரத்தில் அந்த இடத்தில் நாற்காலி போட்டு மாமியாரை உட்காரச் சொல்லுங்கள். எழச் சொல்லுங்கள். எழும்போது அவர் கை தானாகச் சுவரில் எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். கமோடு பக்கத்திலும் அதேபோல். அந்தக் குறியைக் கொத்தனாரிடம் காட்டி, செங்கல்லுக்குள் ஆங்கர் அடித்து, கோட்டிங்குக்கு முன்பே கம்பியின் கால்களைப் பதிக்கச் சொல்லுங்கள்.