திறைசேரி முறிக்கு கோட்ஸ் அனுமதி வேணுமோ?

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில இருக்கிற ரிட்டயரான டீச்சர். ரிட்டயராகேக்க மொத்தமா வந்த காசில ஒரு பகுதிய கிளிநொச்சியில ஒரு பாங்க் மூலமா திறைசேரி முறியில (அரசாங்கம் கடன் வாங்க வெளியிடுறது) போட்டன். அமெரிக்காவில ஜோர்ஜியாவில இருக்கிற தம்பி சொல்றான், அங்க முறி வெளியிட முன்னம் கோட்ஸில தீர்ப்பு எடுக்கோணுமாம். எனக்குத் தந்தது ஒரு ஏ4 தாள் மட்டும்தான். காசுக்கு ஏதும் ஆபத்தோ?

பதில்: டீச்சர், தம்பி சொன்னது பொய்யில்லை, ஆனா அது அவர் இருக்கிற இடத்துச் சட்டம். ஜோர்ஜியாவில உள்ளூராட்சி அமைப்புகள் வெளியிடுற முறிக்கு அரச வழக்குத்தொடுநர் கோட்ஸில மனுப்போட, அந்த ஊர்ச்சனமும் வந்து ஆட்சேபிக்கலாம், நீதிபதி சரியெண்டு தீர்த்து அப்பீலும் முடிஞ்சா பிறகு ஒருத்தரும் அந்த முறி செல்லாதெண்டு வழக்காடேலாது.

எங்கட நாட்டில அப்பிடி ஒரு படி இல்லை. அரசியலமைப்பின்ர 148ஆம் உறுப்புரை அரச நிதிக் கட்டுப்பாட்ட முழுசா பாராளுமன்றத்திட்ட குடுத்திருக்கு, வருசாவருசம் ஒதுக்கீட்டுச் சட்டத்தில (பட்ஜெட் சட்டம்) கடன் எல்லை வரும், அதுக்குள்ள நிண்டுதான் முறி வெளியிடுறது. சட்டமூலம் வரேக்க குறிச்ச நாளுக்குள்ள உயர் நீதிமன்றத்தில எதிர்க்கலாம், சபாநாயகர் கையெழுத்து வைச்சிட்டா அரசியலமைப்பின்ர 80(3)ஆம் உறுப்புரை குறுக்க நிக்கும், பிறகு அந்தச் சட்டத்தை எந்தக் கோட்ஸிலயும் கேள்வி கேக்கேலாது. மற்றது 126ஆம் உறுப்புரையில வாற அடிப்படை உரிமை மனு, அதுவும் ஒரு மாசத்துக்குள்ள, முல்லைத்தீவில இல்லை, கொழும்பு புதுக்கடையில இருக்கிற உயர் நீதிமன்றத்தில.

கோட்ஸ் சீல் இருந்தாலும் அரசாங்கத்திட்ட காசில்லாட்டி என்ன செய்யிறது? 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்டேலாதெண்டு அறிவிச்சதும் சட்டப்படி வெளியிட்ட முறியளுக்குத்தான். 2023 ஜூலை 1 பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஓமெண்டதும் ஊழியர் சேமலாப நிதி போல ஓய்வூதிய நிதியள் வைச்சிருந்த முறியள்தான் புது முறியா மாறினது, உங்களப் போல தனிப்பட்ட ஆக்கள் வைச்சிருந்ததில கை வைக்கேல்லை. இனியும் வைக்கமாட்டினம் எண்டு நான் எழுதித் தரமாட்டன்.

இப்ப அந்தத் தாளுக்கு வருவம், உண்மையில பாக்கவேண்டியது இதத்தான். திறைசேரி முறிக்கு இப்ப பத்திரம் அடிக்கிறேல்லை, எல்லாம் மத்திய வங்கியின்ர லங்காசெக்யூர் எண்ட கணினிப் பதிவிலதான், அதால சீல் இல்லாதது குறையே இல்லை. தாளில எல்.கே.பி (LKB) எண்டு தொடங்கிற இலக்கம் இருக்கோ பாருங்கோ, அதுக்குப் பிறகு வாற மூண்டு இலக்கம் எத்தினை வருச முறி எண்டு, அடுத்த ரெண்டும் முதிர்ற வருசம், பிறகு வாற இங்கிலீஸ் எழுத்து மாசம் (A எண்டா ஜனவரி). LKBக்குப் பிறகு 01528I எண்டு இருந்தா 15 வருச முறி, 2028 செப்டெம்பரில முடியும். அப்பிடி ஒரு இலக்கமே இல்லாம "நிலையான வைப்பு" எண்டோ கொம்பனி பேரில "முதலீட்டுச் சான்றிதழ்" எண்டோ கிடந்தா அது முறியே இல்லை, உடன பாங்கில போய் நில்லுங்கோ.

இலக்கம் இருந்தாலும் காணாது. லங்காசெக்யூரில உங்கட பேரிலதான் பதிஞ்சு கிடக்கோ எண்டு எழுத்தில கேளுங்கோ, வாயால சொல்றத நம்பாதேங்கோ. வருசத்துக்கு ரெண்டு தரம் வட்டி வரவேணும், பாஸ்புக்கில விழுந்திருக்கோ எண்டதையும் பாருங்கோ. மகளையோ மகனையோ சேர்த்து கூட்டுப்பேரில மாத்தலாமோ எண்டும் விசாரியுங்கோ, தனிப்பேரில கிடந்தா நாளைக்குப் பிள்ளையள் உங்கட சொத்த எடுக்க மரணசாதன வழக்கெண்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு அலையவேண்டி வரலாம், எங்கட பக்கம் கோட்ஸ் தேவைப்படுறது அங்கதான். பாங்க் மறுமொழி தராம இழுத்தா அந்தக் கடிதத்தின்ர கொப்பியோட மத்திய வங்கியின்ர நிதி நுகர்வோர் பிரிவுக்கு முறைப்பாடு குடுங்கோ, 1935க்கு எடுத்தா தமிழிலயே கதைக்கக் கேளுங்கோ.